மடங்க மறுத்த முழங்கால்

கடையில் அவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் சொன்னார்கள். செருப்புக் கடையில் வேலை பார்க்கிற யாருக்கும் அளவு தெரியும்தான். ஆனால் இவர், வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பழைய செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏழு பத்தாது சார், எட்டு எடுக்கறேன். வலது கால் கொஞ்சம் அகலம்" என்று சொல்லிவிட்டு அடுக்குப் பக்கம் போயிருப்பார். பழைய முதலாளி காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போதைய முதலாளி அவருடைய மகன், வயதில் சின்னவர். அவரும் அதே பெயரைத்தான் சொல்லுவார், மரியாதைக்குக் கூட ஒரு 'அண்ணே' போட்டு.

வேலை என்று பார்த்தால் நாள் முழுக்க மண்டி போடுவதுதான். இடது முழங்காலைத் தரையில் ஊன்றி, வலது தொடையில் வந்தவரின் பாதத்தை வாங்கி வைத்துக்கொள்வார். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் போகிறதா, பெருவிரல் முன்னால் இடிக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். முகம் பார்த்துப் பேசுகிற தொழில் இல்லை. வந்தவர்கள் அவர் தலைக்கு மேலாகத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வீட்டுச் சண்டை, வரன் பார்த்த கதை, யாருடைய மருமகள் என்ன சொன்னாள் என்பது எல்லாம் அவர் காதில் விழும். ஊரார் கதை அத்தனையும் தெரிந்தவருக்குச் சொந்தக் கதை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

கல்யாணப் பேச்சு எடுத்த காலத்தில், தங்கைக்கு முதலில் ஆகட்டும் என்றார். தங்கைக்கு ஆனது. அதற்கப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை, அவரும் ஞாபகப்படுத்தவில்லை. அப்பா போனார், அம்மா போனாள். தங்கை ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில் வேறு ஊரில் குடும்பமும் குட்டியுமாக இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய அளவுக்காரர் இரண்டாம் மாடியில் ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில், வாடகைக்கு, ஒண்டியாக இருந்தார். ஒண்டியாக இருக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை. காலையில் கடை, இரவில் தூக்கம். நினைப்பதற்கு நேரம் எங்கே இருந்தது?

நேரம் வந்தது, பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில். கடையில் கால் வைக்க இடமில்லை. கறுப்பு ஷூ, கறுப்பு ஷூ என்று நாலு பக்கமும் குரல். மேல் அடுக்கிலிருந்து பெட்டிகளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஏணியில் இறங்கினார். பெட்டிகள் மறைத்ததில் கீழே தெரியவில்லை. தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை எடுத்தார். இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. பெட்டிகள் நாலா பக்கமும் சிதற, இடது முழங்கால் நேராகச் சிமெண்டுத் தரையில் போய் இடித்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று எழுந்திருக்கப் பார்த்தார். கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கல்லாவில் பணம் வாங்கிக்கொண்டிருந்த கல்லாக்காரர் எழுந்து ஓடி வந்தார். "அண்ணே, கால அசைக்காதீங்க. அப்படியே இருங்க." அதற்குள் முழங்கால் வீங்கி, பேண்ட் துணியை உள்ளிருந்து தள்ள ஆரம்பித்திருந்தது. கூட்டத்தில் ஒரு அம்மா, விழுந்தவரைத் தாண்டி, "எங்களுக்கு மூணாம் நம்பர் எடுத்து வச்சிருந்தாரே, அது எந்தப் பெட்டி?" என்று கேட்டாள். வலியிலும் அளவுக்காரர் விரலைக் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முழங்கால் சில்லுல விரிசல் விட்டிருக்கு. ஆனா துண்டு விலகல, அது அது அந்தந்த இடத்துலயேதான் இருக்கு. எங்க, மடக்காம அப்படியே கால மேல தூக்குங்க பாப்போம்."

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். கால் வெடவெடவென்று நடுங்கியது. ஆனாலும் கட்டிலை விட்டு எழுந்தது.

"அப்போ ஆபரேஷன் வேண்டாம். கால் நேரா நிக்கற மாதிரி பட்டை போட்டு விடறேன், எலும்பு தானா சேந்துக்கும். பட்டையோட கால ஊனலாம், ஊன்றுகோல் பிடிச்சு நடக்கலாம். நான் சொல்ற வரைக்கும் மடக்க மட்டும் கூடாது. அதுக்கப்புறம் பிசியோ. உண்மையான வேலை அங்கதான்." டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "வீட்ல கூட இருந்து பாத்துக்க ஆள் இருக்காங்கல்ல?"

"எல்லாரும் இருக்காங்க டாக்டர்" என்றார் அளவுக்காரர்.

கூட வந்திருந்த கல்லாக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். வாடகை வண்டி பிடித்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "மேல வரேண்ணே" என்றவரை, "கடையில கூட்டம், நீ போப்பா" என்று அனுப்பிவிட்டு, அளவுக்காரர் முதல் படியில் உட்கார்ந்தார். பட்டை போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு, கையை ஊன்றி, முதுகுப் பக்கமாக ஒவ்வொரு படியாக இரண்டு மாடியும் உட்கார்ந்தே ஏறினார். வழியில் முதல் மாடிக் கதவு திறந்தது. புதிதாகக் குடிவந்த பையனும் பெண்ணும் வெளியே வந்தார்கள். "ஐயோ, என்ன சார் ஆச்சு?" "ஒண்ணுமில்லம்மா, லேசா சுளுக்கு." அவர்கள் படத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம்தான் அந்த அறை அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. அத்தனை வருஷம் குடியிருந்தும், பகல் பதினொரு மணிக்கு வெயில் எந்தச் சுவரில் விழும் என்று அவர் பார்த்ததே இல்லை. இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்தவனால் ஒரு தம்ளர் தேநீரை அடுப்படியிலிருந்து நாற்காலிக்குக் கொண்டுபோக முடியாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் முயன்று பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று குடித்தார். சாப்பாடும் நின்றபடியேதான். குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, பட்டை போட்ட காலை வாசலுக்கு வெளியே நீட்டி வைத்துக் குளித்தார். முதுகுக்குச் சோப்பு எட்டவில்லை. முன்பும் எட்டியதில்லைதான். அது இப்போது மட்டும் ஏன் உறைக்கிறது என்று அவருக்கே புரியவில்லை.

தங்கை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள்.

"என்ன அண்ணா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"தூங்கி எழுந்தேன் பாப்பா." அவளுக்கும் ஐம்பது ஆகிவிட்டது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"கடை லீவா?"

"லீவுதான். நீ எப்படி இருக்கே, மாப்பிள்ளைக்கு உடம்பு தேவலையா?"

பேச்சை அங்கே திருப்பிவிட்டால் போதும், அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போவாள். விழுந்ததைச் சொல்ல வேண்டும் என்று நாக்கு நுனி வரை வரும். சொன்னால் பதறுவாளே என்று நிறுத்திக்கொள்வதாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே இருந்த பயம் வேறு. சொல்லி, அவள் வராமல் போய்விட்டால்? சொல்லாதவரை, சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாள் என்ற நம்பிக்கை கைவசம் இருக்கும். அதை இழக்க அவருக்கு மனமில்லை.

கல்லாக்காரர் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். முதலாளி போனில், "நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணே, அவசரமே இல்ல" என்றார். அவசரமே இல்லை என்று அவர் சொன்ன விதம் அளவுக்காரருக்கு என்னவோ பண்ணியது.

எலும்பு சேர ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, இயன்முறை சிகிச்சைக்கு அனுப்பினார்கள். கடைத்தெருவின் பின்பக்கம், பல் ஆஸ்பத்திரிக்கு மேலே ஒரு நீளமான ஹால். சுவரோரம் கட்டில்கள், நடுவில் மிதிக்கிற சைக்கிள், ஒரு மூலையில் எங்கேயும் போகாத மூன்று மரப்படிகள். அங்கே இருந்த இயன்முறை மருத்துவருக்கு முப்பது வயதிருக்கும். தலைமுடியை இறுக்கிக் கட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டு, எப்போதும் அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது போல நடக்கிறவர். வருகிறவர்கள் அவரை பிசியோம்மா என்றார்கள்.

பட்டையைக் கழற்றியதும் அளவுக்காரர் தன் காலைப் பார்த்தார். அது தன்னுடையது என்று நம்ப முடியவில்லை. தொடை பாதியாக இளைத்து, தோல் தளர்ந்து தொங்கியது. யாரோ ஒரு நோயாளிக் கிழவனின் காலை மாற்றி ஒட்டிவிட்ட மாதிரி இருந்தது.

பிசியோம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அவருடைய குதிகாலைக் கையில் வாங்கித் தன் மடியில் வைத்தார். அளவுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேண்டாம்மா, கால எல்லாம் தொடாதீங்க."

"தொடாம எப்படி சார் வைத்தியம் பண்றது? வலிச்சா சொல்லுங்க."

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சில்லைப் பிடித்து மெல்ல இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே என்று நகர்த்தினார். வலித்தது. ஆனால் அளவுக்காரரின் கவனம் வலியில் இல்லை. ஆயிரக்கணக்கான கால்களைத் தொடையில் ஏந்தியவர் அவர். அவருடைய காலை ஒரு கை பிடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தார். அம்மா இருந்தபோது எப்போதாவது இருக்கலாம். அதற்கப்புறம் யோசிக்க ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பிச் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டார், கண் கலங்கியது தெரியாமல் இருக்க.

"வலிக்குதா சார்?"

"ஆமாம்மா, கொஞ்சம்" என்றார்.

முதல் பயிற்சி பார்க்க ரொம்பச் சுலபமாக இருந்தது. முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அமுக்கினார். மூச்சைப் பிடித்து அமுக்கினார். தொடை சும்மா கிடந்தது. பிசியோம்மா அவர் கையை எடுத்துத் தொடையின் மேல் வைத்தார். "இந்தச் சதை இறுகணும். இத்தனை நாள் சும்மா இருந்ததுல இதுக்கு வேலையே மறந்துபோச்சு. கூப்பிட்டுக்கிட்டே இருங்க, வரும்." கடைசியில் கைக்கு அடியில் ஏதோ லேசாக அசைந்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி.

அடுத்த சுவரோரம் ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தோள் இறுகிப்போய் வந்தவர், சுவரில் விரல்களாலேயே நடந்து கையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அங்குலத்துக்கும் வாய்விட்டு எண்ணினார். அவர் எண்ணுகிற சத்தத்தில் ஹாலில் இருந்த எல்லோரும் அதே தாளத்தில் கால் தூக்கினார்கள், கை மடக்கினார்கள்.

"என்ன செருப்புக்கடை சார், ஏழுக்கு அப்புறம் நின்னுட்டீங்க? எட்டு எங்க போச்சு?"

"வந்துட்டே இருக்கு டீச்சர்."

"என் கிளாஸ்ல இப்படிச் சொன்னவன் யாரும் பாஸ் பண்ணினதில்ல."

ஹாலே சிரித்தது. அளவுக்காரரும் சிரித்தார். வெகு நாளாகச் சிரிக்காததில் தொண்டை கரகரத்தது.

வாரத்தில் மூன்று நாள் அங்கே போக வேண்டும். அந்த மூன்று நாளும் காலையிலேயே சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை எடுத்து மாட்டிக்கொள்வார். நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே போய்க் காத்திருப்பார். "எப்படி இருக்கீங்க சார்? ராத்திரி தூங்கினீங்களா? வீக்கம் எப்படி?" என்று பிசியோம்மா கேட்பார். வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் வழியெல்லாம் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே போவார். மற்ற நான்கு நாட்கள், சுவரில் வெயில் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கழிந்தன.

துண்டை அமுக்குவது போய், காலை நேராகத் தூக்குவது வந்தது. பிறகு டாக்டர் அனுமதி கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மடக்குவது. இரண்டு கை உள்ள ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைப் பிசியோம்மா முழங்காலின் பக்கவாட்டில் வைத்து, எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடியது. "நல்லா வருது சார். இப்படியே போனா வாரத்துக்கு ஒரு நாள் வந்தா போதும். அப்புறம் அதுவும் வேண்டாம்" என்றார் ஒரு நாள், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு.

அளவுக்காரர் தலையாட்டினார். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க, அந்த ஒரு நாள் போக மீதி ஆறு நாளை எண்ணிக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் செய்ய வேண்டிய பயிற்சியை அவர் செய்யவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் செய்யவில்லை. வேண்டுமென்று எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருப்பார். மடக்க வேண்டும் என்று தெரியும், மடக்க மாட்டார். அடுத்த முறை அளவுகோல் அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த முறை கொஞ்சம் குறைந்தது.

"விநோதமா இருக்கே" என்றார் பிசியோம்மா. சில்லைத் தடவிப் பார்த்தார். "வீக்கம் இல்ல. எலும்பும் நல்லா சேந்திருக்கு. வீட்ல செய்றீங்கல்ல?"

"செய்யறேம்மா."

"வலிக்குதுன்னு நிறுத்திடறீங்களா?"

"இல்லம்மா. மடங்க மாட்டேங்குது."

இது சில வாரம் ஓடியது. வாரம் ஒரு நாள் என்ற பேச்சு அப்படியே நின்றுபோனது. பிசியோம்மா அவரோடு கூடுதல் நேரம் உட்கார்ந்தார், வெந்நீர்ப் பையை வைத்துப் பார்த்தார், டாக்டரிடம் பேசினார். இதே நிலையில் இறுகிவிட்டால் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்கிவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது பிசியோம்மாவின் முகம் வாடியிருந்தது. எங்கே தவறு செய்தோம் என்று தன்னையே குடைந்துகொள்கிற முகம். அதைப் பார்க்க அளவுக்காரருக்குக் கூசியது. என்றாலும் வாயைத் திறக்கவில்லை.

குட்டை உடைத்தது தலைமையாசிரியைதான். சுவரில் விரலால் ஏறிக்கொண்டே, திரும்பாமலே சொன்னார். "அவர் வீட்டுப்பாடம் எழுதறதில்லம்மா. எழுதாம வர்ற பிள்ளை முகம் எனக்குத் தெரியாதா? நோட்ட மறந்துட்டேன்னு சொல்லும்போது கண்ணு நேரா ஜன்னலுக்குப் போகும். பாரு, இப்பவும் அங்கதான் இருக்கு."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அளவுக்காரர் தலையைக் குனிந்தார்.

பிசியோம்மா எல்லோரும் போகும்வரை அவரை சைக்கிள் பக்கத்தில் உட்கார வைத்தார். ஹால் காலியானதும் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லுங்க சார். பயமா? மறுபடி உடைஞ்சிடும்னு நினைக்கிறீங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா."

"பின்ன என்ன?"

சட்டை நுனியைச் சுருட்டினார், நீவி விட்டார். செருப்பு வாங்க வந்தவர்கள் தலைக்கு மேல் பேசிக்கொள்வதை எல்லாம் கேட்டிருந்தவருக்கு, தன்னைப் பற்றிப் பேச ஒரு வாக்கியம் அகப்படவில்லை. கடைசியில், "கால் சரியாயிட்டா இங்க வர வேண்டாம்னு சொன்னீங்கல்ல" என்றார். அவ்வளவுதான் வந்தது.

பிசியோம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தில் முதலில் வந்தது கோபம். கடிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட வீட்ல எல்லாரும் இருக்காங்கன்னு சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன்."

"யார் இருக்காங்க?"

கீழே பல் ஆஸ்பத்திரியில் கருவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"சார், நான் பட்டுன்னு பேசறவ. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மடக்காம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் இங்க வருவீங்க. அப்பவும் ஒரு நாள் நான் உங்கள அனுப்பத்தான் போறேன். நல்ல காலோட அனுப்பறதா, நொண்டிக் காலோட அனுப்பறதா, அது மட்டும்தான் உங்க கையில இருக்கு." எழுந்தவர், அப்புறம் குரலைத் தணித்துச் சொன்னார். "என்னால முழங்கால் வரைக்கும்தான் சார் முடியும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்து நெடுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெண் சொன்னதில் இனிப்பு தடவியது எதுவும் இல்லை. ஆனால் அவரிடம் அத்தனை நேராக யாரும் பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது. எழுந்து, குதிகாலுக்கு அடியில் ஒரு பாலித்தீன் பையை வைத்து, தரையில் உட்கார்ந்து காலைத் தன் பக்கமாக இழுத்தார். பை வழுக்கியது, கால் வந்தது. பாதி தூரத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அத்தனை நாள் சும்மா போட்ட கடனை அது வட்டியோடு வசூலித்தது. ஆள் இல்லாத வீடுதானே என்று வாய்விட்டுக் கத்தினார். கீழ் மாடியில் பாட்டுச் சத்தம் குறைந்து, மறுபடி கூடியது.

அன்றிலிருந்து விடவில்லை. எழுந்ததும், மதியம், விளக்கு வைக்கிற நேரம் என்று செய்தார். எண்ணும்போது தலைமையாசிரியை மாதிரி சத்தம் போட்டு எண்ணினார். அறையில் ஒரு குரல் கேட்டது நன்றாகத்தான் இருந்தது. அளவுகோல் மறுபடி நகர ஆரம்பித்தது. பிசியோம்மா நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ம், வருது" என்பார், அடுத்த கட்டிலுக்குப் போவார்.

இதற்கிடையில் தலைமையாசிரியையின் கை தலைக்கு மேலே போய்விட்டது. கடைசி நாள் ஹால் நடுவில் நின்று, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி கையை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். "வரட்டுமா சார். ஒழுங்கா எழுதுங்க வீட்டுப்பாடத்த" என்று அளவுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கைப்பையை மாட்டிக்கொண்டார். உங்கள் வீடு எங்கே, போன் நம்பர் என்ன என்று கேட்கலாம். கேட்க நினைத்தார். அதற்குள் அந்த அம்மாவை அழைத்துப் போக மகன் வந்துவிட்டான், மகனோடு பேசிக்கொண்டே அவர் படியிறங்கிவிட்டார். அடுத்த முறை போனபோது அந்தச் சுவரோரம் வேறு யாரோ நின்று விரலால் ஏறிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை போன் பண்ணினாள்.

"என்ன அண்ணா, எப்படி இருக்கே?"

"கால் உடைஞ்சிடுச்சு பாப்பா" என்றார்.

"ஐயய்யோ! எப்போ? எப்படி?"

"பள்ளிக்கூடம் திறந்தப்போ. இப்போ தேவல."

லைன் போய்விட்டது என்று நினைத்தார். பிறகு பிடித்தாள் பாருங்கள்! சின்ன வயதில் அவர் அவள் பென்சிலை எடுத்ததற்குத் திட்டிய அதே தொண்டை. இத்தனை மாசமா, வாராவாரம், தூங்கி எழுந்தேன் பாப்பா, லீவு பாப்பா, என்ன நெஞ்சழுத்தம் உனக்கு, நான் யாரோ எவளோவா என்று திட்டித் தீர்த்து, கடைசியில் அழுதாள்.

"நான் வர மாட்டேன்னு நினைச்சுட்டேல்ல?"

அளவுக்காரர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

மூக்கை உறிஞ்சிவிட்டு அவளே பேசினாள். "வந்திருப்பேனான்னு எனக்கும் தெரியல அண்ணா. இவருக்கும் உடம்பு முடியாம இருந்துச்சு. வந்திருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா சொல்லியிருக்கணும். தினமும் போனாவது பண்ணியிருப்பேன்."

அவர் அத்தனை மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்த நம்பிக்கையை அவள் ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டாள். வலிக்கும் என்று எதிர்பார்த்தார். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் பொய்யாக ஓர் ஆறுதல் சொல்லாமல் உள்ளதைச் சொன்னாளே என்று இருந்தது. அன்றைக்கு அவர்கள் வெகு நேரம் பேசினார்கள். ஊன்றுகோலோடு தேநீர் கொண்டுபோக முடியாததைச் சொன்னபோது அவள் சிரித்தாள், சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசி நாள் பிசியோம்மா அவரை அந்த மூலையிலிருந்த மரப்படிகளில் ஏற்றி இறக்கினார். பிறகு மெத்தை மேல் மண்டி போடச் சொன்னார். இறங்குவதற்கு முன் அளவுக்காரர் தயங்கினார். விழுந்த நாளுக்கு அப்புறம் அந்த முழங்காலை அவர் எதன்மேலும் வைத்ததில்லை. மெதுவாக இறங்கினார். சில்லில் சுருக்கென்றது, தாங்கியது.

"மெத்தையில சரி. கடைத் தரையில வேண்டாம் சார். குட்டை ஸ்டூல் ஒண்ணு போட்டுக்கோங்க. குளிர் நாள்ல வலிக்கும், பயப்படாதீங்க."

"சரிம்மா."

"அவ்வளவுதான். நீங்க கிளம்பலாம்."

நன்றி சொல்லப் பெரிதாக ஏதோ யோசித்து வைத்திருந்தார். பிசியோம்மா கையை நீட்டினார், குலுக்கினார், அடுத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

கடையில் குட்டை ஸ்டூலுக்கு முதலாளி மறுப்புச் சொல்லவில்லை. அதில் உட்கார்ந்தால் வந்தவர்களின் முகம் முன்னைவிடப் பக்கத்தில் தெரிந்தது. சிலர் குனிந்து, "உங்களுக்கு என்ன ஆச்சு, இத்தனை நாளா காணோமே?" என்று கேட்டார்கள். அளவுக்காரருக்கு ஆச்சரியம். காணவில்லை என்று கவனித்திருக்கிறார்களே!

தங்கை வந்தது அதற்கும் சில வாரம் கழித்து. இரண்டு மாடி ஏறி மூச்சிரைக்க நின்றவள், அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி.

"நான் எதுல உக்கார்றது, உன் தலையிலயா?"

"கட்டில்ல உக்காரு பாப்பா."

நாலு நாள் இருந்தாள். வந்த அன்றே கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய், தட்டும் தம்ளரும் வாங்கினாள். திரைச்சீலையைத் துவைத்தாள், அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டினாள். அண்ணன் காலை இழுத்து வைத்து சில்லைத் தடவிப் பார்த்து, "இங்கயா?" என்றாள். "இங்கதான்." "என்னோடதும்தான் இப்போ படி ஏறினா கடகடங்குது" என்று தன் முழங்காலைக் காட்டினாள். ஓயாமல் பேசினாள். தூக்கத்திலும் ஏதோ முனகினாள். நாலாம் நாள் அவருக்கே, இந்த அறை எப்போது பழையபடி அமைதியாகும் என்றுகூடத் தோன்றியது.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். ஜன்னல் வழியாக, "ஒழுங்கா உண்மையச் சொல்லு போன்ல" என்று கத்தினாள். பஸ் திரும்பிப் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

கதவைத் திறந்தபோது அறை இருந்த இருப்பு, கால் உடைந்திருந்த நாட்களைவிட மோசமாக இருந்தது. அப்போது அங்கே யாரும் இருந்ததில்லை. இப்போது ஒருத்தி இருந்துவிட்டுப் போயிருந்தாள். சட்டையைக் கழற்றி மாட்டினார். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுத் தேயிலை டப்பாவுக்குக் கை நீட்டினார். வழக்கமான இடத்தில் அது இல்லை. மேல் அடுக்கில் தேடினார், கீழே குனிந்து தேடினார். உப்புக்குப் பின்னால், அவர் ஒருநாளும் வைத்திருக்காத இடத்தில் கிடைத்தது. தேநீரைப் போட்டு, மறுபடி டப்பாவை மூடி, பழைய இடத்தில் வைக்கப் போனவர், ஒரு கணம் நின்று, உப்புக்குப் பின்னாலேயே வைத்தார். தம்ளரை எடுத்துக்கொண்டு நாற்காலிக்கு நடந்தார்.